கூரையும் ஓர் உத்தரமே
(பக்கவாட்டு விசைகளைப் பற்றி ஒரு பாடம்)

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிவில் படித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். குப்பத்தில் இரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களில் சிலர், அமெரிக்கக் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் வடிவமைப்புக் கணக்குப் போடும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிளைவுட் கூரையை சாஃப்ட்வேரில் எப்படிக் காட்டுவது?"

இக்கேள்விக்கான விடை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆகவே முதற்பகுதியை எல்லோருக்குமாகவும், நடுப்பகுதியைப் பொறியியல் படித்தவர்களுக்காகவும், கடைசிப் பகுதியை மீண்டும் எல்லோருக்குமாகவும் எழுதியிருக்கிறேன். நான் டிப்ளமோ படித்து, இரயில்வேயில் கட்டடப் பணிகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய சூத்திரங்கள் இல்லாமல் கூட்டல் பெருக்கலிலேயே விளக்க முயல்கிறேன்.

1. செருப்புப் பெட்டிச் சோதனை

வீட்டில் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியை எடுத்துவிட்டு, பெட்டியின் நீளமான பக்கச் சுவரை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் உள்ளே வளையும். இப்போது மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள். சுவர் கொஞ்சம் எதிர்க்கும், பிறகு மூடி நழுவிவிடும். மூன்றாவதாக, மூடியை நான்கு பக்கமும் பசைநாடாவால் ஒட்டிவிட்டு அழுத்துங்கள். சுவர் அசையாது.

இந்தச் சோதனையில் மூன்று உண்மைகள் இருக்கின்றன. கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுக்க மட்டும் அன்று. சுவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் அதன் வேலை. கூரை இருந்தால் மட்டும் போதாது, அது சுவரோடு பிணைந்திருக்க வேண்டும். பிணைந்த கூரை, நடுவில் வந்த விசையை இரு முனைகளிலும் உள்ள குறுக்குச் சுவர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது.

படுக்கையாகக் கிடத்திய ஓர் உத்தரம்தான் கூரை. வழக்கமான உத்தரம் மேலிருந்து வரும் எடையைத் தாங்கித் தூண்களுக்குத் தருகிறது. கூரையாகிய உத்தரம் பக்கத்திலிருந்து வரும் காற்றையும் நிலநடுக்க விசையையும் வாங்கிக் குறுக்குச் சுவர்களுக்குத் தருகிறது. இதைப் பொறியாளர்கள் டயாஃப்ரம் என்பார்கள்.

2. ஒரு சிறு கணக்கு

24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் 12 மீட்டர் நீளக் குறுக்குச் சுவர்கள் உள்ளன. நீண்ட பக்கத்தின் மேல் காற்று வீசுகிறது.

காற்றழுத்தத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி ஓர் எளிய விதி தருகிறது. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். அந்நூலில் பெங்களூருக்கு அடிப்படை வேகம் 33, சென்னைக்கு 50. வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் அழுத்தம் 653க்கும் 1500க்கும் உள்ள வித்தியாசம், அதாவது இரண்டே கால் மடங்குக்கு மேல். நாம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில் வாழ்கிறோம். பாடத்துக்காக 40 என்று கொள்வோம். 0.6 × 40 × 40 = 960. ஏறத்தாழ சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன், அதாவது 100 கிலோ எடை. முன்பக்கத் தள்ளலும் பின்பக்க உறிஞ்சலும் சேர்த்து இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம். நிலவமைப்பு, உயரம் முதலிய திருத்தங்களை இங்கே ஒதுக்கிவிடுகிறேன்.

சுவர் 4 மீட்டர் உயரம். அதன் மேல் வரும் காற்றில் கீழ்ப்பாதி அஸ்திவாரத்துக்கும் மேல்பாதி கூரைக்கும் போகும். ஆகவே கூரைக்கு வருவது மீட்டருக்கு 2 கிலோநியூட்டன்.

மொத்த விசை: 2 × 24 = 48 கிலோநியூட்டன். ஒவ்வொரு முனைச் சுவருக்கும் 24.

நறுக்கு விசை, அதாவது ஷியர்: 24 கிலோநியூட்டனை 12 மீட்டர் அகலத்தில் பரப்பினால் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். இதைத் தாங்குவது கூரைப் பலகையும் அதன் ஆணிகளும்.

வளைவு, அதாவது பெண்டிங் மொமென்ட்: 2 × 24 × 24 ÷ 8 = 144 கிலோநியூட்டன் மீட்டர். இதை அகலமாகிய 12 ஆல் வகுத்தால் 12 கிலோநியூட்டன். கூரையின் ஒரு நீண்ட விளிம்பில் இது இழுவிசை, எதிர் விளிம்பில் அமுக்குவிசை. இந்த விளிம்புக் கட்டைக்குக் கார்டு என்று பெயர். ஐ வடிவ இரும்பு உத்தரத்தின் மேல், கீழ்ப் பட்டைகள் செய்யும் வேலையை இங்கே விளிம்புக் கட்டைகளும், நடுத்தகட்டின் வேலையைப் பலகையும் செய்கின்றன.

ஆணிக்கு வருவோம். ஓர் ஆணி 0.3 கிலோநியூட்டன் தாங்கும் என்று கொண்டால், 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடிக்கும்போது மீட்டருக்கு 6.67 ஆணிகள், அவை தாங்குவது 2 கிலோநியூட்டன். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் தச்சர் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடித்துவிட்டால் வலிமை பாதியாகிவிடும். பலகை அதே பலகைதான். ஆகவே பிளைவுட் கூரையின் வலிமை பெரும்பாலும் ஆணியின் இடைவெளியில்தான் இருக்கிறது.

3. கெட்டியான கூரை, நெகிழும் கூரை

அதே கூடத்தின் நடுவில் மூன்றாவதாக ஒரு குறுக்குச் சுவர் கட்டுவோம். இப்போது 48 கிலோநியூட்டனை மூன்று சுவர்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்?

கூரை கான்கிரீட் தளமாக இருந்தால் அது கெட்டியான தட்டுப் போல் மொத்தமாக நகரும். மூன்று சுவர்களும் ஒரே அளவு நகர வேண்டியிருப்பதால், ஒரே விறைப்புள்ள சுவர்கள் சம பங்கு எடுக்கும்: 16, 16, 16.

கூரை பிளைவுட்டாக இருந்தால் அது நெகிழும். ஒவ்வொரு சுவரும் தனக்கு அருகில் உள்ள பரப்பின் காற்றை மட்டும் வாங்கும்: 12, 24, 12.

நடுச்சுவரைப் பாருங்கள். கெட்டியான கூரை என்று கருதினால் 16. உண்மையில் வருவது 24. ஒன்றரை மடங்கு. இன்னும் மோசமான நிலையும் உண்டு. நடுச்சுவரில் பெரிய வாசல் வைத்து அதன் விறைப்பு பாதியாகிவிட்டது என்போம். கெட்டிக்கூரைக் கணக்கு அச்சுவருக்கு 9.6 மட்டுமே தரும். முனைச் சுவர்களுக்கு 19.2 வீதம் தரும். நெகிழும் கூரையோ, வாசல் இருக்கிறதே என்று இரக்கப்படாமல் அதே 24ஐக் கொண்டுவந்து இறக்கும்.

4. சாஃப்ட்வேரில் செய்யும் முறை

ஸ்டாட், ஈடேப்ஸ், சாப் முதலிய எல்லாவற்றிலும் ஏறக்குறைய மூன்று வழிகள்தான் உள்ளன.

முதல் வழி, கெட்டி டயாஃப்ரம். கூரையின் முனைப்புள்ளிகள் யாவும் ஒரே தட்டில் ஒட்டியவை போல இரு திசைகளில் நகரும், ஒரு முறை சுழலும். தட்டின் தளத்துக்குள் வேறு எதுவும் செய்யா. கான்கிரீட் தளத்துக்கு இது பொருந்தும். ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்துவிடும் என்பதால் இளைஞர்கள் எல்லாக் கூரைக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறவே முடியாது என்று நாம் கட்டளையிட்டுவிட்டதால், அத்தட்டில் கிடக்கும் உத்தரங்களில் நீளவாட்டு விசை சுழி என்றே கம்ப்யூட்டர் காட்டும். மேலே நாம் கண்ட 12 கிலோநியூட்டன் கார்டு விசை முடிவுப் பட்டியலில் இருக்காது. அது இல்லாமல் போகவில்லை. கம்ப்யூட்டர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைப் போலவே மறையும் இன்னொன்று, விசையைத் திரட்டும் கட்டை. நடுச்சுவர் 12 மீட்டர் முழுவதும் இல்லாமல் 6 மீட்டர் மட்டும் இருந்தால், அதன் வரிசையில் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் வீதம் வரும் 24ல், பாதி சுவர் இல்லாத இடத்தில் வந்து சேர்கிறது. அந்த 12 கிலோநியூட்டனை ஒரு கட்டை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் சேர்க்க வேண்டும். கெட்டி டயாஃப்ரத்தில் இதுவும் சுழி என்று வரும். பட்டியலை நம்பி அந்தக் கட்டையின் இணைப்பை இரண்டு ஆணியோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, நெகிழும் டயாஃப்ரம். கூரையின் விறைப்பைச் சேர்க்காமல், பரப்பின்படி விசையைப் பங்கிட்டு ஒவ்வொரு சுவர் வரிசையிலும் நாமே ஏற்றிவிடுவது. கார்டு, திரட்டும் கட்டை, ஆணி ஆகியவற்றைக் கையால் கணக்கிட வேண்டும். சிறிய மரக் கட்டடங்களுக்கு இதுவே நேர்மையான வழி.

மூன்றாம் வழி, பாதிக் கெட்டி. கூரையைச் சிறுசிறு தகடுகளாகப் பிரித்து, உண்மையான விறைப்பைத் தருவது. இதுவே சிறந்தது என்பார்கள். ஆனால் நாம் தரும் விறைப்பு எவ்வளவு உண்மையோ அவ்வளவே விடையும் உண்மை. தகட்டின் தடிமனையும் பிளைவுட்டின் புத்தக மதிப்பையும் போட்டால் தவறான விடை வரும். ஏன் என்று நம் கூடத்தை வைத்தே பார்ப்போம்.

கூரை நடுவில் எவ்வளவு வளைகிறது என்பதற்கு மூன்று முக்கியக் காரணங்கள்:

(அ) விளிம்புக் கட்டைகள் நீள்வதும் குறுகுவதும். 100 × 150 மில்லிமீட்டர் கட்டைக்கு, நெகிழ்ச்சி எண் சதுர மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று கொண்டால், 0.8 மில்லிமீட்டர்.

(ஆ) பலகை சாய்சதுரமாகக் கோணுவது. 12 மில்லிமீட்டர் பலகை, நறுக்கு நெகிழ்ச்சி எண் 600 என்று கொண்டால், மீட்டருக்கு 7,200 கிலோநியூட்டன் விறைப்பு. நறுக்கு விசை 2ஐ நீளம் 24ஆல் பெருக்கி, 4 × 7,200 ஆல் வகுத்தால், 1.7 மில்லிமீட்டர்.

(இ) ஆணிகள் மரத்தில் நழுவுவது. 1.22 × 2.44 மீட்டர் பலகைகளுக்கு வட அமெரிக்க மரக் கட்டட நூல்கள் தரும் சூத்திரப்படி, மில்லிமீட்டரில் உள்ள நீளத்தை 1,627 ஆல் வகுத்து, ஓர் ஆணியின் நழுவலால் பெருக்க வேண்டும். 24,000 ÷ 1,627 ஏறக்குறைய 15. ஓர் ஆணி வெறும் 0.3 மில்லிமீட்டர் நழுவினாலும் 4.5 மில்லிமீட்டர்.

மொத்தம் 7 மில்லிமீட்டர். அதில் ஆணிகளின் பங்கு மட்டும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. விளிம்புக் கட்டை ஒட்டுகளில் நழுவல் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே பலகையும் ஆணியும் சேர்ந்த 6.2 மில்லிமீட்டரைத் தரும் ஒரே விறைப்பைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். 2 × 24 ÷ (4 × 0.0062) = சுமார் 1,935. புத்தக மதிப்பு 7,200. உண்மையில் போட வேண்டியது அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த எண்ணை மாடலில் போடுங்கள்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். தகட்டுக்கு நறுக்கு விறைப்பை மட்டும் தந்து, நீளவாட்டு இழுவிறைப்பை மிகச் சிறியதாக்கிவிடுங்கள். இல்லையேல் கார்டு இழுவிசையில் ஒரு பகுதியைத் தகடே எடுத்துக்கொள்ளும். உண்மைக் கூரையில் 2.44 மீட்டருக்கு ஒருமுறை பலகை முடிந்து இடைவெளி வருகிறது. இடைவெளி இழுவிசையைத் தாங்காது. அடுத்து, விளிம்புக் கட்டைகளையும் திரட்டும் கட்டைகளையும் தனி உறுப்புகளாக வரையுங்கள். அப்போதுதான் பட்டியலில் அவற்றின் விசை தெரியும். முடிவில் அந்த 12 கிலோநியூட்டன் வருகிறதா என்று கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வராவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு யோசியுங்கள்.

கூரை நெகிழுமா, கெட்டியா என்பதைக் கூரையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. 7 மில்லிமீட்டர் வளையும் கூரையின் கீழே 1 மில்லிமீட்டர் நகரும் செங்கல் சுவர்கள் இருந்தால் அது நெகிழும் கூரை. அதே கூரையின் கீழே 20 மில்லிமீட்டர் நகரும் இரும்புச் சட்டங்கள் இருந்தால், அவற்றுக்கு அது கெட்டியான கூரைதான். அமெரிக்க விதியில், கூரையின் வளைவு சுவர்களின் சராசரி நகர்வைப் போல இரு மடங்கைத் தாண்டினால் நெகிழும் கூரை. நம் ஐ.எஸ். 1893 நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு வகையில் அளந்து 1.5 என்று வைத்தது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பு அதை 1.2 ஆக்கியது. எந்த நாட்டுக்குக் கட்டடமோ அந்த நாட்டு விதியைப் பாருங்கள்.

5. நிலம் நடத்திய பாடங்கள்

1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவில் சான் ஃபெர்னான்டோ நிலநடுக்கம் வந்தது. அங்கே கான்கிரீட் சுவர்களைத் தரையில் வார்த்து நிமிர்த்தி, மேலே பிளைவுட் கூரை போட்ட கிடங்குகள் ஏராளம். சுவரில் போல்ட் அடித்த ஒரு நீளக்கட்டையின் மேல் விளிம்பில் பலகையை ஆணியடித்திருந்தார்கள். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தபோது அக்கட்டை நார்வாட்டில் பிளந்தது. கூரை சுவரை விட்டது, சுவர் விழுந்தது, கூரையும் விழுந்தது. பின்னர் விதிகள் மாறி, சுவரை நேராக இரும்புப் பட்டையால் கூரையின் உள்ளே வரை பிணைக்கச் சொன்னார்கள். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இத்தகைய கட்டடங்கள் மறுபடியும் பல சேதமுற்றன. பலகை பெரும்பாலும் தாங்கியது, பிணைப்புத்தான் தாங்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்தின் லாத்தூர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மாண்டனர். தடித்த கல் சுவர்களும், மரக்கட்டைகளின் மேல் கனமான மண்ணும் கொண்ட வீடுகள் அவை. கூரை கனமாக இருந்தது. ஆனால் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் தட்டாக இல்லை. கனம் வேறு, பிணைப்பு வேறு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில், முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளைக் கூரையாக அடுக்கிய பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. ஒவ்வொரு பலகையும் வலுவானது. ஒன்றோடொன்று சரியாகக் கட்டப்படாததால் கூரை ஒரே தட்டாக வேலை செய்யவில்லை.

6. நம் ஊர்க் கூரைகள்

நம் பக்கத்தில் பிளைவுட்டை அலமாரிக்கும் கான்கிரீட் பலகையடிப்புக்கும்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் பாடம் ஒன்றே.

கருங்கல் பலகைக் கூரை: சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் பழைய வீடுகளில் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் மிக நல்லது. ஆனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனி. மேலே கம்பி வலையோடு கான்கிரீட் பூச்சு போட்டு, சுவரின் தலையில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டினால்தான் அது ஒரே தட்டாகும். கல்லும் சுவரும் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

செங்கல் வளைவுக் கூரை: இரும்பு உத்தரங்களுக்கிடையே சிறு வளைவுகள் கட்டிய பழைய கட்டடங்களில் காணலாம். இதற்கு உத்தரங்களை இணைக்கும் இரும்புப் பிணைப்புகளும் மூலைவிட்டப் பட்டைகளும் வேண்டும்.

ஓட்டுக் கூரை: ஓடு எதையும் பிணைக்காது. சட்டங்களின் தளத்தில் மூலைவிட்டக் கட்டைகளும், முக்கோணச் சுவரின் தலையில் பட்டையும் வேண்டும்.

தகரம், சிமெண்ட் ஷீட்: இரயில்வே சரக்குக் கொட்டகைகளைக் கவனித்தவர்கள், கூரைத் தளத்தில் பெருக்கல் குறி போல் இரும்புக் கம்பிகள் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பிளைவுட் செய்யும் வேலையை அங்கே அக்கம்பிகள் செய்கின்றன. ஜே வடிவ போல்ட்டின் துளையில் ஷீட் நழுவும். ஆதலால் ஷீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டிரஸ்களைத் தூக்கி நிறுத்தும்போதும் இப்பெருக்கல் கம்பிகளை முதலில் மாட்டாவிட்டால், ஒன்று சாய்ந்து அடுத்ததையும் சாய்த்துக்கொண்டு போகும்.

மாடியில் தகரக் கூரை அறை கட்டுவோர் மேஸ்திரியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பட்டை உண்டா? பைப்புகள் அப்பட்டையில் போல்ட்டால் பிடிக்கப்பட்டுள்ளனவா, அல்லது கல்லை வைத்து அழுத்தியிருக்கிறீர்களா? கூரைத் தளத்தில் பெருக்கல் குறிக் கம்பி எங்கே? நீண்ட சுவருக்குக் குறுக்குச் சுவர் எத்தனை அடிக்கு ஒன்று? இந்த நான்குக்கும் ஆகும் செலவு ஷீட்டின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

7. பயிற்சி

மாணவர்களுக்கு: 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடம், காற்று முன்போலவே சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன். முனைச் சுவரின் பங்கு, மீட்டருக்கான நறுக்கு விசை, விளிம்புக் கட்டை விசை ஆகியவற்றைக் காண்க. (விடை: 18, 2, 9.)

வீட்டுச் சிறுவர்களுக்கு: ஒட்டிய செருப்புப் பெட்டியின் மூடியில் நடுவில் ஒரு சிறு சதுர ஓட்டை வெட்டி அழுத்திப் பாருங்கள். இன்னொரு பெட்டியில் அதே ஓட்டையை மூடியின் ஒரு முனையில், குறுக்குச் சுவரை ஒட்டி வெட்டிப் பாருங்கள். எது அதிகம் கோணுகிறது? நறுக்கு விசை எங்கே அதிகம் என்று உங்கள் விரலே சொல்லிவிடும். கூரையில் வெளிச்சத்துக்கோ படிக்கட்டுக்கோ திறப்பு வைக்க நேரும்போது, அதை எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்பது அதன் பிறகு மறக்காது.